மேலிருந்து பார்த்தால் போதுமா? - நகரத் தரையின் கோள்படங்களைப் பற்றி ஒரு திறனாய்வு

பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கினால் ஊற்றுக்கும் ஆற்றுக்கும் ஆகும். இறங்க வழியில்லையேல் கால்வாயை நாடி ஓடும். கால்வாயும் கொள்ளாவிட்டால் வீட்டுக்குள் வரும். இஃது எல்லாரும் அறிந்த உண்மை. தார்ச் சாலை, சிமெண்டு முற்றம், வீட்டுக் கூரை, கார் நிறுத்துமிடம் ஆகியவற்றின்மீது விழும் மழை மண்ணைத் தொடுவதே இல்லை. இத்தகைய இடங்களை ‘நீர்புகாத் தரை’ என்று இக்கட்டுரையில் குறிப்போம். ஒரு நகரத்தில் நீர்புகாத் தரை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், பெய்யும் மழையில் எவ்வளவு நீர் கால்வாய்க்கு வந்து சேரும் என்று கணக்கிட்டுவிடலாம் என்பது பொறியியலார் கொள்கை. அந்த அளவை அறிவதற்கு இன்று செயற்கைக் கோள்கள் எடுக்கும் படங்கள் பெரிதும் பயன்படுகின்றன.

இவ்வகை ஆய்வுகள் உலகெங்கும் பெருகிவிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கைப் பற்றியும் சிங்கப்பூரைப் பற்றியும் இத்தகைய ஆய்வுகள் செய்யப்பட்டுள்ளன. அவற்றில் காணப்படும் வண்ணப் படங்கள் கண்ணைக் கவர்வன. பக்கம் பக்கமாக வரும் எண்கள் மனத்தில் நம்பிக்கையை ஊட்டுவன. ஆயினும், ஒரு முறை அழகியது என்பதால் அது முழுமையானது என்று ஆகிவிடாது. அதன் சிறப்பையும் குறையையும் நடுநிலையோடு எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் முடிவை முன்னதாகவே கூறிவிடுகிறோம். கோள்படம் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் அது தரையின் மேல்தோலை மட்டுமே காட்டுகிறது. வெள்ளத்தைத் தீர்மானிப்பதோ தோல் மட்டுமன்று. அத்தோலின்மேல் விழுந்த நீர் எந்த வழியாக எங்கே போகிறது என்பதே. அவ்வழியை நடந்து பார்த்தே அறிய வேண்டும்.

முறை வளர்ந்த வரலாறு

தரையின் தன்மைக்கும் ஓடும் நீரின் அளவுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கில் கொண்டுவரும் முயற்சி புதியதன்று. 1851ஆம் ஆண்டில் அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி இதற்கு அடிகோலினார். 1889இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துச் சாக்கடைகளை ஆராய்ந்த குய்க்லிங் என்பவர் அதனை நகரங்களுக்குப் பொருத்தினார். மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, தரையின் தன்மையைக் குறிக்கும் ஓர் எண் ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஓடும் நீரின் உச்ச அளவு கிடைக்கும் என்பது அம்முறை. எளிமை கருதி இன்றும் சிறு கால்வாய்களுக்கு அதுவே கையாளப்படுகிறது.

பிறகு, 1950களில் அமெரிக்க விவசாய இலாகாவின் மண் பாதுகாப்புப் பிரிவினர் வேறொரு முறையை வகுத்தனர். ஒவ்வொரு வகை நிலத்துக்கும் நூற்றுக்குள் ஓர் எண் கொடுத்தனர். அதற்கு ‘வளைகோட்டு எண்’ என்று பெயர். எண் 100ஐ நெருங்க நெருங்க, நிலம் நீரை உறிஞ்சாது என்று பொருள். தார்த் தரைக்கும் கூரைக்கும் 98. நல்ல மரச்செறிவுள்ள நிலத்துக்கு, மண்ணின் வகையைப் பொறுத்து, அதைவிட மிகக் குறைவு. விளைநிலங்களுக்கென்று பிறந்த இம்முறை 1975இல் நகரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது, 1986இல் திருத்தப்பட்டது.

இவ்விரண்டு முறைகளுக்கும் வேண்டியது ஒன்றே: எந்த நிலம் எவ்வகைத் தரை என்னும் விவரம். முற்காலத்தில் அளவையாளர்கள் நடந்தும், விமானப் படங்களைப் பார்த்தும் இதனைத் தொகுத்தனர். 1972இல் முதல் லேண்ட்சாட் கோள் விண்ணில் ஏவப்பட்ட பின் நிலைமை மாறிற்று. 1982 முதல் அவ்வரிசைக் கோள்கள் தரையை 30 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்துப் படம் எடுத்தன. 1995இல் மெரில் ரிட் என்னும் அறிஞர், சால்ட் லேக் நகரத்தை ஆராய்ந்து, நகரத்தின் எந்தக் கட்டத்தையும் தாவரம், நீர்புகாத் தரை, மண் என்னும் மூன்றின் கலவையாகக் கொள்ளலாம் என்று காட்டினார். 2008இல் லேண்ட்சாட் படங்கள் யாவும் இலவசமாக்கப்பட்டன. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல் வரிசைக் கோள்கள் 10 மீட்டர் நுட்பத்துடன் படங்களை இலவசமாகவே வழங்கிவருகின்றன.

முறையின் சிறப்பு

இம்முறையின் சிறப்பை மறைக்கலாகாது. பச்சை இலை சிவப்பு ஒளியை உண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். தாரும் சிமெண்டும் அவ்வாறு செய்வதில்லை. இந்த வேற்றுமையை அளந்தே கோள்கள் தரையை இனம் பிரிக்கின்றன. ஒரே கருவி, ஒரே அளவுகோல், நாடு முழுவதும்! நூறு அளவையாளர்கள் பல திங்கள் உழைத்தாலும் இத்தகைய ஒருமைப்பாடு கிடைப்பது அரிது.

அன்றியும், இப்படங்கள் காலத்தைப் பின்னோக்கிக் காட்டுகின்றன. பெட்டாலிங் ஜெயா 1952 முதல் எபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. அதற்குக் கோள்படம் இல்லை. ஆனால் சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா நகரமாக விரிந்த வரலாற்றைக் கோள்படங்களில் படிப்படியாகக் காணலாம். பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்கள் 1990களின் நடுவிலிருந்து புத்ராஜெயாவாக மாறியதையும் அவ்வாறே காணலாம். தோட்டம் போய் நகரம் வந்தது என்று வாயால் சொல்வது வேறு. எந்த ஆண்டில் எத்தனை ஹெக்டேர் என்று எண்ணால் காட்டுவது வேறு. எண்ணால் காட்டினால்தான் திட்டமிடுவோர் காதில் விழும். இந்த ஒரு பயனுக்காகவே இம்முறையை வரவேற்கலாம்.

நிறமும் நிலமும்

இனிக் குறைகளைக் காண்போம். முதற்குறை நிறத்தைப் பற்றியது. கோள் காண்பது ஒளியை, நிலத்தையன்று. ஒரே நிறமுடைய இரண்டு பொருள்களைப் பிரித்தறிய அதற்கு எளிதில் இயலாது. நம் நாட்டுச் செம்மண் வெட்டிப் போடப்பட்ட இடமும், ஓடு வேய்ந்த கூரையும் கோளின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றக்கூடும். மறுநடவுக்காகச் செம்பனைகளை வீழ்த்தி மண்ணைப் புரட்டிய தோட்டம், ‘கட்டிடப் பகுதி’ என்று படத்தில் பதிவாகிவிடலாம். இக்குழப்பம் ஆய்வாளர்கள் அறிந்ததே. அதனைக் குறைக்கப் பல வழிகளைக் கையாள்கின்றனர். ஆயினும், மண் எப்பொழுதும் புரண்டுகொண்டே இருக்கும் வளரும் பகுதிகளில்தான் இக்குழப்பம் மிகுதி. வெள்ளக் கணக்கு மிகவும் தேவைப்படுவதும் அப்பகுதிகளுக்கே.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. கிளை விரித்த மழைமரங்கள் இருபுறமும் நிற்கும் சாலை, மேலிருந்து பார்த்தால் காடுபோல் தோன்றும். அடியிலோ தாரும் நடைபாதையும்! மரக்கிளை மழையின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் அடைமழையில் இலை நனைந்தபின், கீழே விழும் நீர் தாரின்மீதுதான் விழுகிறது. மரம் வளர்த்த நகரம், கணக்கில் தனக்குத் தகுதியில்லாத நற்பெயரைப் பெற்றுவிடுகிறது.

பச்சையாக இருப்பதெல்லாம் பஞ்சுபோல் நீரை உறிஞ்சும் என்று கொள்வதும் தவறு. பிள்ளைகள் நாள்தோறும் ஓடி விளையாடி இறுகிப்போன பள்ளித் திடலில் அரை மணி மழைக்கு நீர் தேங்கி நிற்பதை ஆசிரியர் எவரும் அறிவர். செம்பனைத் தோட்டத்தில் குலைகளை ஏற்றி வண்டிகள் ஓடும் பாதைகளும் அவ்வாறே இறுகியவை. அவற்றைப் பனை ஓலைகள் மூடி மறைக்கின்றன. பழைய ரப்பர்த் தோட்டங்களில் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, மண் குழிகள் தோண்டி, மரங்களுக்கிடையே மூடுபயிர் வளர்த்து நீரை நிறுத்தினார்கள். அவ்வாறு பேணப்பட்ட சரிவும், பேணப்படாது மண் அரித்துப்போன சரிவும் கோள்படத்தில் ஒரே பச்சைதான். மண்வெட்டிக்குத் தெரியும் வேற்றுமை விண்வெளிக் கருவிக்குத் தெரிவதில்லை.

கட்டமும் காலமும்

இரண்டாவது குறை அளவைப் பற்றியது. 30 மீட்டர் சதுரக் கட்டம் என்றால் 900 சதுர மீட்டர். நம் நாட்டில் 20 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள வரிசை வீட்டு மனை ஏறக்குறைய 130 சதுர மீட்டர். எனவே, ஒரு கட்டத்துக்குள் ஏழு வீடுகள் அடங்கிவிடும். ஒரு வீட்டார் முன்முற்றத்துப் புல்லை வெட்டி எறிந்து சிமெண்டு போட்டால், அக்கட்டத்தின் நிறம் சிறிதளவே மாறும். ஏழு வீட்டாரும் அவ்வாறு செய்தால் தெரியவரும். ஆனால் அதற்குள் காரியம் முடிந்திருக்கும். 10 மீட்டர்க் கட்டம் இவ்வகையில் மேலானது. எனினும் இரண்டடிக் கால்வாய் அதிலும் தெரியாது.

காலத்தைப் பற்றிய இடர்ப்பாடும் உண்டு. நம் வானம் மேகம் சூழ்ந்த வானம். ஒளிப்படக் கோள்களால் மேகத்தை ஊடுருவிப் பார்க்க இயலாது. ஆகவே, பல நாட்களில் எடுத்த படங்களிலிருந்து மேகமில்லாத துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி ஒரு படமாக்குகிறார்கள். 2014 முதல் ரேடார் கொண்ட சென்டினல் கோள்கள் மேகத்தைக் கடந்து பார்க்கின்றன. இது பெரும் உதவிதான். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. லேண்ட்சாட்டும் ஒளிப்படச் சென்டினலும் ஓரிடத்தைக் கடப்பது முற்பகலில். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பெய்வது பிற்பகலில். கோள் தெளிந்த வானத்தில் வறண்ட தரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. நீர் ஓடும் நேரத்தில் அங்கே இருப்பவர்கள் அப்பகுதி மக்களே.

தலையாய குறை

மேற்கூறியவை நாளடைவில் திருந்தக்கூடிய குறைகள். கருவி நுட்பமாகும், கட்டம் சிறிதாகும், நிறக் குழப்பம் தீரும். ஆனால் எத்தனை நுட்பமான படத்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. அதனை ஒரு கணக்கின் வாயிலாக விளக்குவோம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் இதனைச் செய்து பார்க்கலாம்.

ஒரு ஹெக்டேர் நிலம் என்று கொள்வோம். அதில் சரிபாதி கூரையும் தாரும். அதற்கு வளைகோட்டு எண் 98. மறுபாதி புல்லும் மரமும். அதற்கு எண் 70 என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10 கன மீட்டர் நீர். ஆகவே, விழுந்தது மொத்தம் 300 கன மீட்டர்.

முதல் வகை: கூரை நீர் யாவும் குழாய் வழியாக நேரே கால்வாயில் விழுகிறது. அப்பொழுது கணக்குப்படி கால்வாய்க்கு வருவது ஏறக்குறைய 126 கன மீட்டர். அதில் 123 கூரையும் தாரும் தருவது, புல் தருவது வெறும் 3.

இரண்டாம் வகை: அதே கூரை நீரைப் புல்தரையின்மேல் பரவ விடுகிறோம். புல் தன் மழையோடு கூரையின் மழையையும் சேர்த்துக் குடிக்கிறது. இப்பொழுது கால்வாய்க்கு வருவது ஏறக்குறைய 38 கன மீட்டர்.

மூன்றாம் வகை: ஆய்வுகள் பலவற்றில் காணும் வழக்கம். 98ஐயும் 70ஐயும் சராசரியாக்கி 84 என்று கொண்டு கணக்கிட்டால் வருவது 60 கன மீட்டர்.

வாசகர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். மூன்று வகைக்கும் கோள்படம் ஒன்றே. நீர்புகாத் தரை 50 விழுக்காடு என்பதில் மாற்றமில்லை. ஆனால் கால்வாய்க்கு வரும் நீர் 38 முதல் 126 வரை வேறுபடுகிறது. ஒன்று மற்றதைப் போல் மும்மடங்குக்கும் மேல்! இவ்வளவு பெரிய வேற்றுமைக்குக் காரணம், கூரைக் குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே. வானத்துக் கண் எவ்வளவு கூர்மையானாலும் நிலத்தடிக் குழாயின் வாயைக் காணாது. சராசரி எண்ணோ, நடுவில் எங்கோ ஓரிடத்தைக் காட்டி, இரு நிலைமைகளையும் மறைத்துவிடுகிறது.

நேர்மையோடு மற்றொன்றையும் கூற வேண்டும். இதே நிலத்தில் 100 மில்லிமீட்டர் பெருமழை பெய்தால், மூன்று வகைக்கும் முறையே 634, 528, 588 கன மீட்டர் வரும். வேற்றுமை சுருங்கிவிடுகிறது. புல்லும் வயிறு நிறைந்துவிட்டால் தாரைப் போலவே நீரை வெளியே அனுப்பும். ஆகவே, அடிக்கடி பெய்யும் நடுத்தர மழையில், அஃதாவது தெருக்கால்வாய் நிரம்பி வழியும் மழையில், வழியே பெரிது. ஊரையே மூழ்கடிக்கும் பெருமழையில் நிலத்தின் தாழ்வும் ஆற்றின் கொள்ளளவும் பெரிது. இரண்டில் எதனையும் நீர்புகாத் தரையின் விழுக்காடு தனியாகச் சொல்லிவிடாது.

பொறியியலார் இதனை அறியாதவர்கள் அல்லர். கால்வாயோடு நேரே இணைந்த நீர்புகாத் தரையைத் தனியாக அளக்க வேண்டும் என்று அவர்களே வற்புறுத்தியுள்ளனர். 2003இல் லீ, ஹீனி என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. மியாமி நகரத்துக் குடியிருப்புப் பகுதி ஒன்றுக்கு 52 ஆண்டு மழையை வைத்து அவர்கள் கணக்கிட்டனர். கால்வாயோடு நேரே இணைந்த தரை அங்கே 44 விழுக்காடுதான். ஆனால் ஓடிய நீரில் 72 விழுக்காடு அதிலிருந்தே வந்தது. அறிந்தவர்கள் சொன்னபின்பும், மொத்த விழுக்காட்டை எடுத்துக் கணக்கில் போட்டு முடித்துவிடும் ஆய்வுகள் இன்னும் எழுதப்படுகின்றன. காரணம் எளிது. மொத்தத்தைக் கோள் இலவசமாகத் தருகிறது. இணைப்பை அறிய மழையில் நனைய வேண்டியிருக்கிறது.

நிலத்தடியில் இருப்பவை

நம் நாட்டில் இக்குறை மேலும் பெரிதாவதற்குக் காரணம் ஒன்று உண்டு. மழைநீரை எவ்வளவு விரைவில் ஆற்றுக்கு அனுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்பது பழைய கொள்கை. 2000ஆம் ஆண்டில் வடிகால் நீர்ப்பாசன இலாகா வெளியிட்ட கையேடு அக்கொள்கையை மாற்றிற்று. விழுந்த இடத்திலேயே நீரைத் தேக்கி, மெல்ல மெல்ல விடவேண்டும். ஒரு மனையில் கட்டிடம் எழுந்த பிறகு ஓடும் நீரின் உச்சம், எழுவதற்கு முன்பிருந்த உச்சத்தை மிஞ்சலாகாது என்று அது விதித்தது. 2012இல் அக்கையேடு திருத்தி வெளியிடப்பட்டது. சிங்கப்பூரிலும் 2014 முதல், 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள் தம் மழைநீரின் உச்சத்தைக் குறைக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது.

இவ்விதிகளின்படி கட்டப்படும் தொட்டிகளில் பல நிலத்துக்கு அடியில் இருக்கின்றன. 2018இல் சிங்கப்பூரில் முடிவுற்ற ஸ்டாம்போர்ட் தேக்கத் தொட்டி 38,000 கன மீட்டர் நீரைக் கொள்ளும். அது தாவரவியல் பூங்காவை ஒட்டி நிலத்தடியில் உள்ளது. மேலே பேருந்துகள் நிற்கின்றன. கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளமுடையது. கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தை நகரத்தின் நடுப்பகுதிக்குள் விடாமல் திருப்பிக் கொண்டுசெல்வது. இவற்றுள் எதனையும் தரையின் நிறத்திலிருந்து அறிய முடியாது. தேக்கத் தொட்டியை முறையாகக் கட்டிப் பேணிவரும் குடியிருப்பும், கட்டிய தொட்டி சேறு நிறைந்து பயனற்றுப்போன குடியிருப்பும் கோள்படத்தில் உடன்பிறந்தவைபோல் தோன்றும்.

மதிப்பெண் பற்றி ஒரு சொல்

இவ்வகை ஆய்வுகளின் இறுதியில் ஒரு மதிப்பெண் போடுவது வழக்கம். ‘எங்கள் படம் இத்தனை விழுக்காடு சரி’ என்பர். 1976இல் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை வெளியிட்ட நிலப்பயன் வகைப்பாடு, குறைந்தது 85 விழுக்காடாவது சரியாக இருக்க வேண்டும் என்று கூறிற்று. அன்று முதல் அந்த எண் ஒரு தேர்ச்சி மதிப்பெண்போல் ஆகிவிட்டது.

தேர்வுத் தாள்களைத் திருத்திப் பழகியவர்களுக்கு இதில் உள்ள ஆபத்து தெரியும். வகுப்பின் சராசரி உயர்ந்திருப்பதால் எல்லாப் பிள்ளைகளும் படித்துவிட்டார்கள் என்று கொள்ள முடியுமா? எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தவறிற்று என்று பார்க்க வேண்டாமா? படத்தில் தவறிய 15 விழுக்காடு நகரம் முழுவதும் சிதறிக் கிடந்தால் பெருந்தீங்கு இல்லை. அது முழுவதும் ஆற்றங்கரையோரத்துப் புதிய குடியிருப்பில் குவிந்திருந்தால்? மொத்த மதிப்பெண் மாறாது. மூழ்கும் வீடுகளின் எண்ணிக்கை மாறும். ஆகவே, மதிப்பெண்ணைச் சொல்லும் ஆய்வு, பிழை எங்கே குவிந்திருக்கிறது என்பதையும் படத்திலேயே காட்ட வேண்டும். அவ்வாறு காட்டாத ஆய்வைக் கொண்டு கால்வாய் வெட்டுவது பொறுப்பான செயலன்று.

மேலும், படம் சரியா என்பது ஒரு கேள்வி; அதைக் கொண்டு கணக்கிட்ட வெள்ளம் சரியா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை சொல்ல, மழைமானியும் கால்வாயில் நீரளவுக் கருவியும் வேண்டும். இவையின்றி, ஒரு கணக்கை மற்றொரு கணக்கோடு ஒப்பிட்டு ‘பொருந்துகிறது’ என்று முடிக்கும் ஆய்வு, தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்டதற்கு ஒப்பாகும்.

இதனால் யாருக்கு என்ன?

இஃது அறிஞர்களுக்குள் நடக்கும் வாதம்தானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் இது மிகவும் வேண்டும். 1971ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கிற்று. அதன்பின் ஆற்றை அகலப்படுத்தியும் அணை கட்டியும் பெரும்பணிகள் நடைபெற்றன. 2021 டிசம்பர் 18ஆம் நாள், ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது என்று அதிகாரிகள் கூறினர். ஷா ஆலத்தில் கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாமான் ஸ்ரீ மூடா கூரை அளவுக்கு நீரில் நின்றதை நாடே கண்டது. தரைப்படத்தின் குறையால் அது நேர்ந்தது என்று நாம் கூற வரவில்லை. அத்தகைய பெருமழையில் தரையின் வேற்றுமை சுருங்கிவிடும் என்பதை மேலே கணக்கிட்டே காட்டினோம். நாம் கூற வருவது வேறு. மேட்டு நிலத்தில் ஒரு மலைச்சரிவு கூரையும் தாருமாக மாறும்பொழுது, அதற்குரிய விலையைக் கொடுப்பவர்கள் அம்மேட்டில் குடியிருப்பவர்கள் அல்லர். ஆற்றோரத் தாழ்நிலத்தில் குடியிருப்பவர்கள். தாழ்ந்த நிலம் மலிவு. மலிவான நிலத்திலேயே எளியவர்களுக்கு இடம் கிடைக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் அத்தகைய இடங்களிலேயே குடியேறின.

மேட்டில் புதிய வீடமைப்பு வரும்பொழுது, ‘நீர்புகாத் தரை இத்தனை விழுக்காடுதான் கூடும், கணக்குப்படி கால்வாய் தாங்கும்’ என்று ஓர் அறிக்கை வைக்கப்படலாம். அவ்வறிக்கையில் உள்ள எண் சராசரியா, இணைப்பைக் கண்டறிந்து பெற்றதா என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஊரில் நாலு பேராவது இருக்க வேண்டும். 60 கன மீட்டர் என்று எழுதியிருக்கும் இடத்தில் உண்மையில் 126 வருமானால், மிச்சம் 66 எங்கே போகும்? அது தாளில் தங்காது. தாழ்ந்த வீட்டின் வாசற்படியைத் தேடி வரும்.

செய்யத்தக்கவை

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே கடமை. கோள்படத்தைத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதனை முதற்படியாகக் கொள்ள வேண்டும் என்கிறோம். படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் சில தெருக்களையேனும் தேர்ந்து, கூரைக் குழாய் எங்கே விழுகிறது, கால்வாய் எந்தத் திசையில் சரிகிறது, எந்த மதகில் குப்பை அடைக்கிறது, எந்தத் தேக்கத் தொட்டி வேலை செய்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விவரத்தால் படத்தின் எண்களைத் திருத்த வேண்டும். பின்னரே வெள்ளக் கணக்கில் இறங்க வேண்டும். இதற்குச் செலவு மிகுதியன்று, பொறுமைதான் வேண்டும்.

இப்பணியில் நம் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. நிலப்படம் வரைவதைப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் கற்பிக்க வேண்டியதில்லை. மேல் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு, பள்ளியைச் சுற்றியுள்ள கால்வாய்களை அடியெடுத்து அளந்து படம் வரையச் செய்யலாம். பள்ளிக் கூரையின் பரப்பைப் பெருக்கி, ஒரு மழைக்கு எத்தனை கன மீட்டர் நீர் அதிலிருந்து விழும் என்று கணக்கிடச் செய்யலாம். திறந்த வாளி ஒன்றும் அளவுகோல் ஒன்றும் இருந்தால் மழையின் அளவைத் தோராயமாக அறியலாம். ஓராண்டு இவ்வாறு தொகுத்த விவரத்தைப் பெற்றோர் சங்கத்தின் வழியாக ஊராட்சி மன்றத்துக்கு அனுப்பலாம். கணிதம், நிலவியல், விஞ்ஞானம், குடிமைப் பயிற்சி ஆகிய நான்கும் ஒருங்கே நடந்தேறும்.

ஊர் மூத்தவர்களின் அறிவையும் ஒதுக்கக் கூடாது. தோட்டத்தில் கான் வெட்டிப் பழகியவர்களுக்கு, எந்தச் சரிவில் எவ்வளவு நீர் எவ்வளவு வேகமாக வரும் என்பது கைவந்த பாடம். தோட்டம் நகரமானாலும் மேடும் பள்ளமும் பெரும்பாலும் மாறாமல் இருக்கும் இடங்கள் பல. அவர்களைக் கேட்டு எழுதிவைப்பது வரலாற்றுப் பணி மட்டுமன்று, வடிகால் பணியுமாகும்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் படங்கள் நன்று. உங்கள் உழைப்பைப் போற்றுகிறோம். அடுத்த முறை ஆய்வேட்டை எழுதும்பொழுது, ‘இத்தரையில் எவ்வளவு கால்வாயோடு நேரே இணைந்தது?’ என்னும் கேள்விக்கு ஒரு தனி அதிகாரம் ஒதுக்குங்கள். அதற்கு விடை காண எங்கள் தெருக்களுக்கு வாருங்கள். மழை நாளில் வாருங்கள். வழி காட்ட நாங்கள் உடன் வருவோம்.